கடற்பஞ்சுத் தீவு

கடலை அடுத்து வாழும் மக்களுக்குக் கடலே வயல். கடலே வாணிகச் சாலை. கடலே வாழ்வும் ஆகும். ஆயின், உழவன் தன் வயலை அஞ்சுவதில்லை. கடலை நம்பி வாழ்பவனோ, தனக்குச் சோறிடும் அக்கடலையே நாள்தோறும் அஞ்சி வாழ்கிறான். இவ்வுண்மையை நன்கு விளக்கும் தீவு ஒன்று கிரேக்க நாட்டில் உள்ளது. அதன் பெயர் கலிம்னோஸ் என்பதாகும்.

இருப்பிடமும் அமைப்பும்

கிரேக்க நாட்டைச் சூழ்ந்துள்ள கடல்களில் சிறியவும் பெரியவுமாக ஏறத்தாழ ஆறாயிரம் தீவுகள் உள்ளன. அவற்றுள் மக்கள் வாழ்வன இருநூற்றுக்குச் சற்று மிகுதியாகும். ஈஜியன் கடலின் தென்கிழக்கு மூலையில், துருக்கி நாட்டின் கரையை ஒட்டினாற்போல, ஒரு தீவுக் கூட்டம் உள்ளது. அதனை டொடெக்கனீஸ் என்பர். ‘பன்னிரு தீவுகள்’ என்பது அச்சொல்லின் பொருள். அத்தீவுகளுள் ஒன்றே கலிம்னோஸ். அதன் வடமேற்கே லெரோஸ் தீவும், தெற்கே கோஸ் தீவும் உள்ளன. மருத்துவக் கலையின் தந்தை எனப் போற்றப்படும் ஹிப்பாக்கிரட்டீஸ் பிறந்த இடம் அக்கோஸ் தீவேயாகும்.

கலிம்னோஸ் தீவின் பரப்பு ஏறத்தாழ 110 சதுரக் கிலோமீட்டர். தீவின் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல் மலையே. மிக உயர்ந்த சிகரம் ஏறத்தாழ 700 மீட்டர் உயரமுள்ளது. மலைகளில் மரங்கள் அரியன. நறுமணம் கமழும் சிறு புதர்களே எங்கும் காணப்படும். ஆடுகள் அவற்றை மேய்ந்து திரியும். தேனீக்கள் அவற்றின் மலர்களில் தேன் திரட்டும். ஆறு என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. கிழக்கே வதி என்னும் பள்ளத்தாக்கு ஒன்று மட்டும் பசுமையுடன் விளங்குகிறது. ஆங்கு ஆரஞ்சு இனப் பழமரங்கள் செழித்து வளர்கின்றன. கடல், ஒரு நீண்ட கால்வாய் போல அப்பள்ளத்தாக்கின் வாயில்வரை நுழைந்திருப்பது காண்பதற்கு இனிய காட்சியாகும்.

தீவின் மேற்கே, குறுகிய நீர்ப்பரப்புக்கு அப்பால், தெலெந்தோஸ் என்னும் சிறு தீவு ஒரு தனி மலைபோல் எழுந்து நிற்கிறது. முற்காலத்தில் அது கலிம்னோசுடன் ஒட்டியிருந்தது என்றும், கி. பி. 6-ஆம் நூற்றாண்டில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் இடைநிலம் கடலுள் ஆழ்ந்துவிட்டது என்றும் கூறுவர். கடல் நில்லாது என்பதற்கும் நிலமும் நில்லாது என்பதற்கும் தெலெந்தோஸ் ஒரு சான்றாக நிற்கிறது எனலாம்.

நகராட்சி

கிரேக்க நாட்டில் உள்ளாட்சி மன்றத்தைத் ‘தீமோஸ்’ என்று வழங்குவர். மக்கள் என்பதே அச்சொல்லின் பொருள். மக்களாட்சியைக் குறிக்க உலக மொழிகள் பலவற்றில் வழங்கும் ‘டெமாக்ரசி’ என்னும் சொல்லின் முற்பகுதியும் இதுவேயாகும். 2011-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு உள்ளாட்சி அமைப்புகளைச் சீர்திருத்தி, ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்த மன்றங்களை 325 ஆகக் குறைத்தது. கலிம்னோஸ் தீவும், தெலெந்தோஸ், செரிமோஸ் முதலிய சிறு தீவுகளும் சேர்ந்து கலிம்னோஸ் நகராட்சியாக விளங்குகின்றன. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை பதினாறாயிரத்துக்குச் சற்று மிகுதியாகும். மக்கள் தேர்ந்தெடுத்த நகரத் தலைவரும் மன்ற உறுப்பினரும் நிருவாகத்தை நடத்துகின்றனர். பட்மோஸ், லெரோஸ் முதலிய அண்டைத் தீவுகளையும் உள்ளடக்கிய வட்டாரம் ஒன்றுக்குக் கலிம்னோசே தலைமையிடமாகும்.

நகராட்சியின் தலைநகர் பொத்தியா. வளைந்த துறைமுகத்தைச் சுற்றிலும், இரு மலைகளுக்கு இடையே, படிப்படியாக வீடுகள் உயர்ந்து செல்லும் நகரம் அது. ஆயினும் அது பழைய தலைநகர் அன்று. முற்காலத்தில் கடற்கொள்ளையருக்கு அஞ்சிய மக்கள் கடற்கரையில் குடியிருக்கத் துணியவில்லை. தீவின் உட்பகுதியில், குன்றின்மேல் கோட்டை எழுப்பி, அதனுள் ஒடுங்கி வாழ்ந்தனர். கொள்ளையர் அச்சம் நீங்கிய பின்னர்க் கோட்டையின் அடியில் ஹோரா என்னும் ஊர் எழுந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கடல் வாணிகம் வளர்ந்தபோது மக்கள் கரைக்கு இறங்கி வந்து பொத்தியாவை உண்டாக்கினர். மக்களைக் கரைக்கு அழைத்து வந்த அவ்வாணிகம் யாது? அதுவே கடற்பஞ்சு வாணிகம்.

கடற்பஞ்சு என்பது யாது?

கடற்பஞ்சு என்னும் பெயரைக் கேட்போர் அதனைச் செடி கொடிகளில் ஒன்றாகக் கருதுதல் கூடும். அஃது உண்மையில் ஓர் உயிரினம். அதற்குத் தலை இல்லை, கண் இல்லை, வயிறும் இல்லை. கடலின் அடியில் பாறையைப் பற்றிக்கொண்டு, இருந்த இடத்திலேயே இருந்து வாழும். அதன் உடலெங்கும் நுண்ணிய துளைகள் உள்ளன. அத்துளைகளின் வழியே கடல்நீர் உட்புகும். நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களை உணவாகக் கொண்டு, எஞ்சிய நீரைப் பெரிய துளைகளின் வழியே வெளியேற்றிவிடும். கடற்பஞ்சைப் பறிக்க முயன்றால் அஃது உணர்ந்து சுருங்கிப் பாறையை இறுகப் பற்றிக்கொள்ளும் என்று மக்கள் கூறுவதை, ஈராயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே அறிஞர் அரிஸ்டாட்டில் தம் நூலில் குறித்துள்ளார்.

கடலிலிருந்து எடுத்தவுடன் கடற்பஞ்சு கருநிறமாகவும் வழவழப்பாகவும் இருக்கும், தீநாற்றமும் வீசும். அதனைக் காலால் மிதித்தும், தடியால் அடித்தும், கடல்நீரில் பல முறை அலசியும் தோலையும் சதையையும் நீக்குவர். அப்போது அதனுள்ளிருந்து பால் போன்ற நீர் வெளிப்படும். எல்லாம் நீங்கிய பின் எஞ்சி நிற்பது மெல்லிய நாரினாலாகிய கூடு மட்டுமே. நாம் பஞ்சு என்று கையில் ஏந்துவது அக்கூட்டையேயாகும். அது தன் எடையினும் பன்மடங்கு நீரை உறிஞ்ச வல்லது. பிழிந்தால் மீண்டும் பழைய வடிவத்தை அடைவது. கிரேக்கப் பெருங்கவிஞர் ஹோமரின் காப்பியத்திலேயே, விருந்து நடைபெறும் கூடத்தில் மேசைகளைக் கடற்பஞ்சினால் துடைக்கும் செய்தி வருகிறது. பிற்காலத்தில் நீராடுவதற்கும், ஓவியர்க்கும், குயவர்க்கும், மருத்துவர்க்கும் அது பயன்பட்டது. ஐரோப்பிய நகரங்களில் அதற்கு நல்ல விலை கிடைத்தது.

கல்லும் கயிறும்

கடற்பஞ்சை எடுக்கும் பழைய முறை மிக எளியது. மூழ்குபவனுக்குக் கருவி ஒரு கல்லும் ஒரு கயிறுமே. தட்டையாகச் செதுக்கி, ஓரங்களை மழுக்கிய அக்கல் பத்துக் கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுள்ளதாக இருக்கும். அதில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் படகில் உள்ள தோழன் பிடித்துக்கொள்வான். மூழ்குபவன் மூச்சை நன்றாக உள்ளிழுத்துக்கொண்டு, கல்லை இரு கைகளாலும் முன்னே நீட்டிப் பிடித்துத் தலைகீழாகக் கடலுள் பாய்வான். கல்லின் எடை அவனை விரைந்து கீழே இழுத்துச் செல்லும். கல்லைச் சாய்த்துப் பிடிப்பதனால் அவன் தான் செல்லவேண்டிய திசைக்குத் திரும்பவும் செய்வான். அடித்தளத்தை அடைந்ததும் பஞ்சை அறுத்து வலைப்பையில் இட்டுக்கொள்வான். மூச்சு முடியும் வேளையில் கயிற்றை அசைப்பான். படகிலிருப்பவன் அவனையும் கல்லையும் ஒருங்கே மேலே இழுத்துவிடுவான்.

கடலுக்குள் பஞ்சு எங்கே உள்ளது என்பதை அறிவதற்கு, அடியில் கண்ணாடி பொருத்திய வாளி போன்ற கருவி ஒன்றைப் பயன்படுத்தினர். அதனை நீரின்மேல் வைத்துப் பார்த்தால் கடலின் அடி தெளிவாகத் தெரியும். இம்முறையில் முப்பது மீட்டர் ஆழத்திலும் மூழ்கி மீள்வோர் இருந்தனர். 1913-ஆம் ஆண்டில் இத்தாலியப் போர்க்கப்பல் ஒன்றின் நங்கூரம் கார்பதோஸ் தீவின் அருகே கடலுள் வீழ்ந்துவிட்டது. அதனைத் தேடி, சிமி என்னும் தீவைச் சார்ந்த ஹாட்சிஸ் என்பார், கல்லின் துணையோடு மட்டும், எழுபது மீட்டருக்கு மேற்பட்ட ஆழம் சென்று அதற்குக் கயிறு கட்டி மீண்டார். கப்பல் மருத்துவர் அவர் உடலைச் சோதித்து வியந்தனர்.

இம்முறையிலும் இடர்கள் உண்டு. மூச்சடங்கி இறந்தவரும் சுறாமீனுக்கு இரையானவரும் உண்டு. ஆயினும் ஒரு மூச்சு நிற்கும் அளவே மனிதன் கடலடியில் தங்க முடியும் என்பதனால், அவன் பேராசைக்கு இயற்கையே ஒரு வரம்பு கட்டியிருந்தது.

புதிய கருவியும் புதிய நோயும்

1860-களில் அவ்வரம்பு உடைந்தது. மூழ்குவோருக்கென ஐரோப்பாவில் உருவாக்கப்பட்ட உடை ஒன்று அக்காலத்தில் சிமித் தீவுக்கும், பின்னர்க் கலிம்னோசுக்கும் வந்து சேர்ந்தது. நீர் புகாத தடித்த துணியினாலாகிய உடை. தலைக்குச் செம்பினாலாகிய உருண்டையான கவசம். அதில் கண்ணாடிச் சாளரம். காலுக்கு ஈயமிட்ட கனத்த காலணி. படகின்மீது வைத்த காற்றுப் பொறியை ஆட்கள் கையால் சுழற்ற, நீண்ட குழாயின் வழியே காற்று கவசத்துக்குள் செல்லும். இவ்வுடையை அணிந்தவன் கடலடியில் நெடுநேரம் தரையில் நடப்பதுபோல் நடக்கலாம். முன்னர் எட்டாத ஆழத்திலுள்ள உயர்ந்த பஞ்சினை அள்ளலாம்.

தீவில் செல்வம் கொழித்தது. துறைமுகத்தில் வணிகர் மாளிகைகள் எழுந்தன. கப்பல்களின் தொகை பெருகியது. ஆனால், அதனோடு இதுவரை எவரும் காணாத நோய் ஒன்றும் வந்தது. கடலடியில் நலமாக வேலைசெய்து, நலமாகவே மேலே வந்தவன், கவசத்தைக் கழற்றிச் சிறிது நேரம் ஆனதும் மூட்டுகளில் தாங்கொணா வலியால் துடித்தான். சிலருக்குக் கால்கள் உணர்விழந்தன. சிலர் அப்போதே உயிர் துறந்தனர். இளைஞராய்ச் சென்றோர் பலர் கோலூன்றித் திரும்பினர், திரும்பாதோரும் பலர்.

இந்நோயின் காரணம் யாதெனின், நாம் உள்ளிழுக்கும் காற்றில் நைட்ரஜன் என்னும் வாயு பெரும்பகுதியாக உள்ளது. கடலின் ஆழத்தில் நீரின் அழுத்தம் மிகுதி. அவ்வழுத்தத்தில் சுவாசிக்கும்போது அவ்வாயு மிகுதியாக இரத்தத்திலும் உடலின் பிற பகுதிகளிலும் கரைந்துவிடுகிறது. மனிதன் மெல்ல மெல்ல மேலே வந்தால் கரைந்த வாயுவும் மெல்ல மெல்ல நுரையீரல் வழியே வெளியேறிவிடும். விரைந்து மேலே வந்தாலோ, மூடி திறந்த சோடாப் புட்டியில் குமிழிகள் பொங்குவதுபோல, உடலுக்குள்ளேயே குமிழிகள் தோன்றும். அவை இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். முதுகெலும்பினுள் உள்ள நரம்புகளைத் தாக்கும். கைகால்கள் செயலிழப்பதற்கு அதுவே காரணம்.

1878-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட் இவ்வுண்மையைத் தம் நூலில் விளக்கினார். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவன் எங்கெங்கே நின்று நின்று மேலேறுதல் வேண்டும் என்பதை 1908-ஆம் ஆண்டில் ஹால்டேன் என்னும் அறிஞரும் அவருடைய தோழரும் கணக்கிட்டு அட்டவணையாக வெளியிட்டனர். நோயின் காரணமும் தெரிந்தது. தடுக்கும் வழியும் தெரிந்தது. எனினும் மூழ்குவோர் தொடர்ந்து மாண்டனர். ஏன்?

கடனும் உயிரும்

அதனை அறிவதற்குப் பஞ்சுத் தொழில் நடந்த முறையை அறிதல் வேண்டும். ஆண்டுதோறும் ஈஸ்டர் திருநாள் கழிந்ததும் கப்பல்கள் புறப்படும். லிபியா, எகிப்து, துனிசியா முதலிய வட ஆப்பிரிக்க நாடுகளின் கரையோரம் சென்று, இலையுதிர் காலத்தில் திரும்பும். ஏறத்தாழ ஆறு திங்கள் அவர்கள் கடலிலேயே வாழ்ந்தனர். புறப்படுமுன் மூழ்குபவனுக்குக் கப்பல் தலைவன் முன்பணம் கொடுப்பான். அப்பணமே அவன் குடும்பத்தின் ஆறு திங்கள் உணவு. திரும்பி வந்து கணக்குப் பார்க்கும்போது, அவன் எடுத்த பஞ்சின் விலை முன்பணத்திற்கு ஈடாகாவிட்டால் மிஞ்சிய தொகை அடுத்த ஆண்டின்மீது கடனாக ஏறும். கப்பல் தலைவனோ தான் முதலீட்டுக்கு வாங்கிய பணத்துக்கு வணிகரிடம் கடன்பட்டவன்.

எனவே எல்லோருக்கும் விரைவு தேவைப்பட்டது. மெல்ல மேலேறினால் ஒரு நாளில் மூழ்கும் முறைகள் குறையும். முறைகள் குறைந்தால் பஞ்சு குறையும். பஞ்சு குறைந்தால் கடன் தீராது. அறிஞர் அட்டவணை நூலகத்தில் இருந்தது. மூழ்குபவன் ஆப்பிரிக்கக் கரையில் இருந்தான். இரண்டுக்கும் இடையே இருந்த தூரத்தை எவரும் கடக்கச் செய்யவில்லை.

மகளிர் மட்டும் வாளாவிருக்கவில்லை. கணவரையும் மைந்தரையும் இழந்த பெண்கள் இக்கருவியைத் தடைசெய்யுமாறு முறையிட்டனர். அக்காலத்தில் அத்தீவுகள் துருக்கிப் பேரரசின் ஆட்சியில் இருந்தன. 1880-களில் சுல்தான் அக்கருவிக்குத் தடை விதித்தார். ஆனால், தடை நெடுநாள் நிலைக்கவில்லை. வாணிகத்தின் வலிமை முறையீட்டின் வலிமையை வென்றது. கார்ல் பிளெகல் என்பார் இத்தொழிலின் கொடுமைகளை உலகறியச் செய்ய ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1908-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் கூடிய பன்னாட்டு மீன்பிடித் தொழில் மாநாட்டுக்கும் இதுபற்றிக் கட்டுரை அளித்தார்.

கலிம்னோஸ் மக்கள் தம் துயரைக் கலையிலும் பதிந்து வைத்தனர். ‘மிகானிக்கோஸ்’ என்பது அவர்களுடைய நடனங்களுள் ஒன்று. கருவியுடை அணிந்து மூழ்குபவன் என்பது அதன் பொருள். வரிசையாகக் கைகோத்து ஆடுவோருள் முதல்வன் கையில் ஒரு கோல் இருக்கும். அவன் ஆடத் தொடங்குவான், கால்கள் நடுங்கும், உடல் தள்ளாடும், கோலை ஊன்றி மீண்டும் ஆட முயல்வான். அருகில் நிற்போர் தளராமல் ஆடிக்கொண்டிருப்பர். அந்நடனம் வேடிக்கைக்காக ஆடப்படுவது அன்று. காண்போருள் தம் வீட்டில் அத்தகைய ஒருவரைக் கண்டறியாதவர் ஒருகாலத்தில் அரியர்.

கடல் தந்த கலைச்செல்வம்

மூழ்குவோர் கடலிலிருந்து பஞ்சினை மட்டும் கொண்டு வரவில்லை. 1900-ஆம் ஆண்டில் சிமித் தீவினர் சிலர் பஞ்சு தேடிச் செல்லும் வழியில், புயலுக்கு அஞ்சி ஆண்டிகித்தேரா என்னும் தீவின் அருகே தங்கினர். அங்கு மூழ்கிய ஒருவர் கடலடியில் மனித உருவங்கள் கிடக்கக் கண்டு அஞ்சி மேலே வந்தார். அவை பிணங்கள் அல்ல. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய கப்பலில் இருந்த சிலைகள். கிரேக்க அரசின் துணையுடன் அவர்களே அவற்றை வெளிக்கொணர்ந்தனர். வான்கோள்களின் இயக்கத்தைக் கணக்கிடும் பல்சக்கரப் பொறி ஒன்றும் அங்குக் கிடைத்தது. இன்று உலக அறிஞர் வியக்கும் அப்பொறியை மீட்கும் பணியில் மூழ்குவோருள் ஒருவர் உயிர் நீத்தார். இருவர் செயலிழந்தனர் என்பதை மறத்தலாகாது.

1994-ஆம் ஆண்டில் கலிம்னோசை அடுத்த கடலில் மீனவர் ஒருவர் விரித்த வலையில் ஆடை போர்த்த பெண்மணியின் வெண்கலச் சிலை ஒன்று சிக்கியது. ‘கலிம்னோஸ் பெருமாட்டி’ என அழைக்கப்படும் அச்சிலை இன்று பொத்தியா நகரின் தொல்பொருட் காட்சிச்சாலையை அழகுசெய்கிறது.

விடுதலை வேட்கை

கலிம்னோஸ் மக்கள் கடலோடு போராடியது போலவே அயலார் ஆட்சியோடும் போராடினர். 16-ஆம் நூற்றாண்டு முதல் துருக்கியர் ஆட்சியில் இருந்த அத்தீவை 1912-ஆம் ஆண்டில் இத்தாலியர் கைப்பற்றினர். நாளடைவில் அவர்கள் மக்களின் சமயத்திலும் கல்வியிலும் தலையிடலாயினர். 1935-ஆம் ஆண்டில் திருச்சபை நிருவாகத்தை மாற்ற அவர்கள் முயன்றபோது கலிம்னோஸ் மக்கள் எதிர்த்து எழுந்தனர். பெண்கள் முன்னணியில் நின்று, படைவீரர்மீது கற்களை வீசினர். ‘கற்போர்’ என அந்நிகழ்ச்சி வரலாற்றில் வழங்கப்படுகிறது. 1937-ஆம் ஆண்டில் பள்ளிகளில் இத்தாலிய மொழி திணிக்கப்பட்டது. மக்கள் தம் குழந்தைகளுக்குத் தாய்மொழியை வீடுகளிலும் கோயில்களிலும் மறைவாகக் கற்பித்தனர். கிரேக்க நாட்டுக் கொடியின் நிறங்களான நீலத்தையும் வெண்மையையும் தம் வீட்டுச் சுவர்களுக்குத் தீட்டித் தம் உள்ளக் கருத்தை வெளியிட்டனர்.

இரண்டாம் உலகப் போரில் 1943 முதல் ஜெர்மானியர் ஆட்சி நடந்தது. பசிக்கும் குண்டுக்கும் அஞ்சிய மக்கள் பலர் இரவில் படகேறித் துருக்கிக் கரையை அடைந்து, மேற்காசிய நாடுகளின் அகதி முகாம்களில் தங்கினர். 1945 முதல் 1947 வரை பிரிட்டிஷ் நிருவாகம் நடைபெற்றது. 1948-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7-ஆம் நாள் பன்னிரு தீவுகளும் முறைப்படி கிரேக்க நாட்டுடன் இணைந்தன. காலச் சக்கரம் சுழன்றது. 2015-ஆம் ஆண்டில் போருக்கு அஞ்சிய பிற நாட்டு மக்கள் அதே துருக்கிக் கரையிலிருந்து சிறு படகுகளில் ஏறி அத்தீவுகளுக்கு அடைக்கலம் தேடி வந்தனர்.

தொழிலின் தளர்ச்சி

விடுதலை வந்த காலத்தில் பஞ்சுத் தொழில் தளரத் தொடங்கியது. ஆலைகளில் செய்த செயற்கைப் பஞ்சு குறைந்த விலைக்குக் கிடைத்தது. வட ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றுத் தம் கடல் வளத்தைத் தாமே காத்துக்கொள்ளலாயின. 1986-ஆம் ஆண்டில் மத்தியதரைக் கடலின் பஞ்சுகளைக் கொடிய நோய் ஒன்று தாக்கியது. கையில் எடுத்தால் உதிர்ந்துபோகும் அளவிற்கு அவை அழிந்தன. எஞ்சியிருந்த தொழிலும் பெரிதும் குன்றியது.

வாழ வழியின்றி மக்கள் பலர் கடல் கடந்தனர். 1905-ஆம் ஆண்டு முதலே அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் தார்ப்பன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் அவர்கள் குடியேறிப் பஞ்சுத் தொழிலை வளர்த்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள டார்வின் நகருக்குச் சென்றோரும் பலர். அங்கு அவர்கள் கட்டடத் தொழிலில் ஈடுபட்டுத் தனிக் குடியாக இன்றும் வாழ்கின்றனர்.

மலை தந்த வாழ்வு

எதற்கும் பயன்படாது எனக் கருதப்பட்ட மலைகளே பின்னர் இத்தீவுக்குத் துணையாயின. 1990-களின் நடுவில் இத்தாலிய நாட்டு மலையேறும் வீரர் ஆந்திரேயா தி பாரி ஓய்வுக்காகக் கலிம்னோசுக்கு வந்தார். குகைகளும் தொங்கும் கல்விழுதுகளும் நிறைந்த அதன் செங்குத்தான பாறைகளைக் கண்டு, பாறையேற்றத்துக்கு இதனினும் சிறந்த இடம் இல்லை என உணர்ந்தார். அவரும் அவருடைய தோழரும் பாறைகளில் ஏறுவழிகளை அமைத்தனர். பிறநாட்டு வீரரும் தொடர்ந்து வந்தனர். நகராட்சியும் இம்முயற்சிக்கு ஊக்கமளித்தது. இன்று அங்கு மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஏறுவழிகள் உள்ளன. பிற தீவுகளுக்குக் கோடையில் மட்டும் விருந்தினர் வருவர்; கலிம்னோசுக்கோ வெயில் தணிந்த வேனிற்பருவத்திலும் இலையுதிர் காலத்திலும் பாறையேறுவோர் வந்து குவிகின்றனர். 2006-ஆம் ஆண்டில் தீவில் சிறு விமான நிலையமும் திறக்கப்பட்டது.

மீன்பிடித் தொழிலும் தேன் வாணிகமும் தொடர்கின்றன. கடற்பஞ்சு எடுப்போர் இன்று மிகச் சிலரே. ஆயினும் மூழ்குந் தொழிலை முறையாகப் பயிற்றும் அரசுப் பள்ளி ஒன்று கலிம்னோசில் நிறுவப்பெற்றுள்ளது. முன்னோர் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடத்தை இளைஞர் உயிரிழக்காமலே கற்கின்றனர்.

முடிவுரை

கல்லைப் பற்றி மூழ்கியவன் குறைவாக ஈட்டினான். செம்புக் கவசம் அணிந்தவன் மிகுதியாக ஈட்டினான். ஆயினும், முன்னவனைவிடப் பின்னவனே மிகுதியாகத் துன்புற்றான். இதனால் கருவி தீயது என்று கொள்ளுதல் தவறு. அதே கருவியை, அறிவு காட்டிய நெறியில் பொறுமையோடு கையாண்டிருந்தால் ஆயிரக்கணக்கான இளைஞர் நலமாக வீடு திரும்பியிருப்பர். அறிவு பிறந்தால் மட்டும் போதாது. அது யாருக்குத் தேவையோ அவர் கையில் சேர்தல் வேண்டும். சேர்ந்த பின்னும் அதன்படி ஒழுகுவதற்கு அவருடைய வறுமை இடங்கொடுத்தல் வேண்டும். உழைப்பவன் மெல்ல மேலேறுவதற்கு வேண்டிய சிறுபொழுதை அவனுக்கு அளிக்காத வாணிகம் எவ்வளவு செல்வம் ஈட்டினும் அது குருதி தோய்ந்த செல்வமேயாகும்.

பொத்தியா நகரின் துறைமுகத்தில் இன்றும் பஞ்சு விற்கும் கடைகள் உள்ளன. பொன்னிறப் பஞ்சுகள் அங்குக் கூடை கூடையாகக் குவிந்திருக்கின்றன. கையில் எடுத்தால் அவை எடையற்றவை போல் தோன்றும். ஆனால், அத்தீவின் வரலாற்றை அறிந்தவர் கைக்கு அப்பஞ்சு அவ்வளவு இலேசாக இராது.

வினாக்கள்

1. கலிம்னோஸ் மக்கள் முற்காலத்தில் கடற்கரையில் குடியிருக்காமைக்குக் காரணம் யாது?
2. கல்லைக் கொண்டு மூழ்கும் முறையை விளக்குக.
3. மூழ்குவோரைத் தாக்கிய நோய் எவ்வாறு உண்டாயிற்று?
4. நோயைத் தடுக்கும் வழி தெரிந்த பின்னும் மூழ்குவோர் மாண்டது ஏன்?
5. “அறிவு பிறந்தால் மட்டும் போதாது” என்னும் கருத்தை இப்பாடத்தைக் கொண்டு நிறுவுக.